பனிக்கால லோடும் லாரியின் டீசல் டேங்கும்

வடக்கே பனிக்காலம் பிறந்துவிட்டால் நம் மண்டிகளில் ஒரு புகார் எழுவது வழக்கம். காஷ்மீரில் ஆப்பிள் ஏற்றிய லாரி சொன்ன தேதியில் வந்து சேருவதில்லை. போனில் கேட்டால், "டீசல் உறைஞ்சு போச்சுங்க, வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்கிறார் டிரைவர். வணிகர்களில் பலர் இதை நொண்டிச் சாக்கு என்றே கருதி வாடகையில் பிடித்தம் செய்கின்றனர். இது சாக்கு அல்ல. இதைத் தீர்ப்பதில் நமக்கும் பங்கு உண்டு என்பதே நம் கருத்து.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் டின்னுக்குள் கட்டியாக நிற்பதைப் பார்க்காத மளிகைக்கடைக்காரர் யாரும் இல்லை. டீசலிலும் மெழுகுப் பொருள் உண்டு. குளிர் கூடினால் அது நுண் துகள்களாகத் திரண்டு பில்டரை அடைத்துக்கொள்ளும். டேங்கு நிறைய டீசல் இருந்தும் எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது. டீசலில் சேர்ந்த தண்ணீரும் பில்டரில் பனிக்கட்டியாகி வழியை மறிக்கும்.

இந்தியத் தரநிர்ணயத்தின்படி, கோடைக்கால டீசல் 15 டிகிரியிலும் குளிர்கால டீசல் 3 டிகிரியிலும் ஓடும் தன்மையுடன் இருந்தால் போதும். ஸ்ரீநகரிலோ டிசம்பர் 21இல் தொடங்கும் 'சில்லை கலான்' எனப்படும் 40 நாட்களில், இரவு வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே பல டிகிரி இறங்கிவிடும். லடாக் போன்ற இடங்களுக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலை 2019 நவம்பரில் கொண்டுவந்ததிலிருந்தே சிக்கலின் தன்மை விளங்கும்.

அறுவடை நவம்பரோடு முடிந்தாலும், புல்வாமா மாவட்டம் லஸ்ஸிபோராவிலுள்ள குளிர்பதனக் கிடங்குகளின் பழம் குளிர்காலத்திலும் வந்துகொண்டிருக்கிறது. வண்டி நின்றால் தாமதம் மட்டுமல்ல நஷ்டம். ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரியில் ஆப்பிளே உறையத் தொடங்கும். உறைந்து இளகிய பழம் உள்ளே பழுப்பேறிக் கெட்டுவிடும். சுமார் 3,000 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கு வந்தபின் பெட்டியைத் திறந்து பார்த்து வருந்துவது நாம்தான்.

இதற்கு வேண்டிய ஏற்பாடு பெரிதல்ல. தண்ணீரைப் பிரிக்கும் பில்டர், அதைச் சூடாக்கும் 24 வோல்ட் ஹீட்டர், நல்ல பேட்டரி, மாற்றுப் பில்டர் இரண்டு இருந்தால் போதும். பில்டரில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிக்க வேண்டும். தெற்கே நிரப்பிய டீசலை ஜம்முவுக்குள் தீர்த்துவிட்டு, அங்கே குளிர்கால டீசலா என்று கேட்டு டேங்கை நிரப்ப வேண்டும். மெழுகு திரளாமல் தடுக்கும் மருந்தை, குளிர் ஏறுமுன் ஊற்றினால்தான் பயன். உறைந்தபின் ஊற்றுவது வீண்.

டேங்கின் கீழ் தீ மூட்டும் பழக்கம் வண்டி, சரக்கு, உயிர் மூன்றையும் பணயம் வைப்பது. மண்ணெண்ணெய் கலப்பதும் ஆகாது. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 லாரிகளின் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழுவழுப்பை நம்பியே ஓடுகின்றன. மண்ணெண்ணெய் கலந்தால் அவை தேய்ந்து பெருஞ்செலவு வைக்கும்.

"லாரி அவர்கள் சொத்து, நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் வாடகையைக் கடைசி ரூபாய் வரை பேசிக் குறைத்தால், வண்டிக்காரர் எந்தச் செலவைக் குறைப்பார்? கண்ணுக்குத் தெரியாத இதைத்தான். ஹீட்டர் பில்டரின் விலை ஒரு லோடு வாடகையோடு பார்க்கையில் சொற்பமே. கெட்டுப்போன ஒரு லோடோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல.

2025 ஜூன் முதல் காஷ்மீர் பள்ளத்தாக்கு ரயிலால் இணைக்கப்பட்டுள்ளது. செப்டம்பரில் டில்லிக்கு ஆப்பிள் பார்சல் ரயிலும் புறப்பட்டது. இது நல்ல செய்தியே. ஆயினும் தோட்டத்து வாசலிலிருந்து நம் மண்டி வாசல் வரை சரக்கைக் கொண்டுசேர்க்க இன்றும் லாரியை விட்டால் வழியில்லை.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இந்த ஏற்பாடுள்ள லாரிகளுக்குச் சற்றுக் கூடுதல் வாடகை தர உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். புக்கிங் ஆபீசில் லோடு பேசும்போதே இதை நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். நிபந்தனைப்படி தயாரான வண்டி குளிரால் நின்றால், டிரைவரின் வாடகையில் கைவைக்கக் கூடாது. அடுத்த பனிக்காலத்துக்கு முன்பே லாரி உரிமையாளர்களை அழைத்துப் பேசி, சங்கம் இதற்கு ஆவன செய்ய வேண்டும்.