வாசப்படியை விழுங்கும் ரோடு

சிவகாசிப் பக்கம் எங்க வீட்டுக்கு முன்னாடி மூணு படி இருந்துச்சு. இப்போ ஒண்ணுதான். யாரும் இடிக்கலை மக்களே, ரோடு வளர்ந்துடுச்சு! பழைய தாரைச் சுரண்டாம மேலயே போட்டுக்கிட்டுப் போனா வேற என்ன ஆகும்? ரோடு உசந்ததும் வாறுகால் சுவரையும் உசத்திக் கட்டிட்டாங்க. வீடு மட்டும் பள்ளத்துல. ஐப்பசி மழைக்குத் தண்ணி நேரா திண்ணைக்கு வருது. பக்கத்து அச்சாபீஸ்காரர் பேப்பர் கட்டையெல்லாம் பலகை மேல ஏத்தி வெச்சிருக்கார்.

விதி இல்லாமலா? நகர வடிகாலுக்கு இந்திய சாலை காங்கிரஸ் 1999-ல போட்ட நெறிமுறையை 2013-ல திருத்தியாச்சு. மழைநீர் வடிகாலுக்கு மத்திய அரசு கையேடு 2019-ல வந்தாச்சு. 2021 மே மாசம், அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னே உத்தரவு போட்டார். (நூத்துக்கு ரெண்டு சரிவு, அதாவது ஆறு மீட்டர் ரோட்டுக்கு நடுவுல ஆறு சென்டிமீட்டர் மேடுங்கிறதெல்லாம் அரதப்பழசு.)

இதெல்லாம் ஃபைல்லயே கிடந்து என்ன பிரயோஜனம்? ரோடு மட்டம் இவ்வளவு, வாறுகால் மட்டம் இவ்வளவுன்னு தெருமுனைக் கல்லுல பொறிச்சு வைங்க. ஒப்பந்தத்துலயும் அதே எண்ணைப் போடுங்க. வேலை முடிஞ்சதும் அளந்து பார்த்து, தப்புனா பில்லை நிறுத்துங்க.

உங்க வாசல்ல எத்தனை படி பாக்கி இருக்கு?