போன் போதும் என்று சொன்ன பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வீட்டில் உட்கார்ந்து பிடிஎஃப் ஆவணங்களைப் படிக்க எந்த டேப் வாங்கலாம்? பதில்கள் கொட்டின. "அத்தை, உங்க போனே பெரிய போன்தானே, ஜூம் பண்ணிக்குங்க." "டீச்சர், இந்த மாடல்ல கேமரா நல்லா இருக்கும்." "ராம் 8 ஜிபி இல்லாம வாங்காதீங்க." "இந்த வயசுல எதுக்கு இவ்வளவு செலவு, யாராச்சும் பேரப்பிள்ளைங்கள படிச்சுச் சொல்லச் சொல்லுங்க." இத்தனை பதிலில் ஒருவர்கூட, நான் படிக்கப் போகும் பக்கம் எவ்வளவு அகலம் என்று கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில காலத்துக்கு முன் நம் பக்கத்துத் திட்டம் ஒன்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வந்தது. எந்தத் திட்டம் என்பது இங்கே வேண்டாம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவு, தெருப் பெண்கள் என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், காத்து எப்படி இருக்குன்னு அதுல போட்டிருக்காங்களாம், பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். போனில் திறந்தேன். ஏ4 பக்கம், பத்துப் பன்னிரண்டு பத்தி உள்ள அட்டவணை. எழுத்து கடுகு போல இருந்தது. பெரிதாக்கினேன். 58 என்ற எண் தெரிந்தது. அதற்கு மேலே இருந்த தலைப்பு திரையை விட்டுப் போய்விட்டது. மேலே தள்ளித் தலைப்பைப் பார்த்தேன், பிஎம் 10 என்றிருந்தது. மறுபடி கீழே இறங்கினேன். பிஎம் 10 துகளுக்கு 24 மணி நேர எல்லை ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். "பாதிக்குக் கொஞ்சம் மேலதாம்மா இருக்கு, பயப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

மேலே போய்க் கீழே இறங்கியதில் விரல் ஒரு பத்தி நகர்ந்திருக்கிறது. அந்த 58, பிஎம் 2.5-க்கு உரியது. நுரையீரலின் அடி வரை போகும் நுண்துகள் அதுதான். அதற்கு எல்லை 60. பாதி அளவு என்று நான் சொன்னது, எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் அளவு. கூட்டம் முடிந்து நான்கு நாள் கழித்து, ஜெராக்ஸ் கடையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு வந்த பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், நீங்க சொன்னது பக்கத்துக் கட்டம்" என்றான். ஐந்தாம் வகுப்பில் அவனுக்கு அட்டவணை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். "டீச்சரே பாத்துட்டாங்களாம், ஒண்ணுமில்லையாம்" என்று அன்றைக்குக் கூட்டத்துக்கு வராமல் வேலைக்குப் போன பெண்களின் முகத்தை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஆகவே ஜூம் பண்ணிப் படி என்று சொல்லும் பிள்ளைகளே, கதையை ஜூம் பண்ணிப் படிக்கலாம், கல்யாணப் பத்திரிகையைப் படிக்கலாம். அட்டவணையை முடியாது. அட்டவணையில் எண்ணுக்கு உயிர் கொடுப்பது மேலே இருக்கும் தலைப்பும் இடப்பக்கம் இருக்கும் ஊர்ப் பெயரும்தான். மூன்றும் ஒரே பார்வையில் விழவேண்டும். கடன் ஒப்பந்தம், பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்; நிபந்தனை ஒரு மூலையில், தொகை இன்னொரு மூலையில்.

இப்போது கணக்குக்கு வருவோம். கடைக்காரர் சொல்லும் இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் அல்ல. 3, 4, 5 முக்கோணம் ஞாபகம் இருக்கிறதா? கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன்! 4:3 வடிவத் திரை 10 இன்ச் என்றால், நீளம் 8, அகலம் 6. அதாவது சுமார் 15.2 செ.மீ. அதே 10 இன்ச், சினிமாவுக்கு ஏற்ற 16:10 வடிவம் என்றால் அகலம் 5.3 இன்ச், 13.5 செ.மீ.தான். இரண்டும் 10 இன்ச் என்றுதான் அட்டைப்பெட்டியில் இருக்கும். நிமிர்த்திப் பிடித்துப் படிக்கும்போது ஒன்றே முக்கால் செ.மீ. அகலம் திருட்டுப் போயிருக்கும்.

ஏ4 தாள் 21 செ.மீ. அகலம். இரண்டு பக்கமும் இரண்டரை செ.மீ. ஓரம் விட்டால் எழுத்து இருக்கும் இடம் 16. பிடிஎஃப் படிக்கும் செயலிகள் சிலவற்றில் ஓரத்தை வெட்டிக் காட்டும் வசதி இருக்கிறது. அப்படி வெட்டினால் 15.2 செ.மீ. திரையில் எழுத்து ஏறக்குறைய அச்சில் உள்ள அளவிலேயே தெரியும். 6.6 இன்ச் போனின் அகலம் 7 செ.மீ.கூட இல்லை. ஓரத்தை வெட்டினாலும் எழுத்து பாதிக்கும் கீழேதான். தமிழில் புள்ளியும் சுழியும் முதலில் காணாமல் போகும். ஆங்கிலத்தில் தசமப் புள்ளி.

கடையில் போய் நிற்பவர்கள் கேமராவை விடுங்கள். வயதானவர் நின்று போட்டோ எடுக்கவா டேப் வாங்குகிறார்? 4:3 அல்லது அதற்குக் கிட்டத்தட்ட உள்ள வடிவம். ஐபேட் அந்த வடிவத்துக்கு அருகில்தான் வருகிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலானவை 16:10, தேடினால் 3:2, 7:5 கிடைக்கும். 16:10 தவிர வழியில்லை என்றால் 11 இன்ச்சுக்குக் கீழே இறங்காதீர்கள். திரைப் புள்ளிகள் 1920-க்கு 1200 ஆவது இருக்கட்டும்; 1280-க்கு 800 என்று மலிவாக வருவதில் சின்னத் தமிழெழுத்து பஞ்சு போலத் தெரியும். வாங்குவதற்கு முன் உங்கள் பென்ஷன் ஆணையையோ, ஏதாவது ஸ்கேன் செய்த பழைய பக்கத்தையோ அதில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடையில் ஓடும் மீன்தொட்டி வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் கரைக்கு இன்னொன்று: வெயில் கடலில் பட்டு வீட்டுக்குள் அடிக்கும், பளபளப்புத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். மங்கலான பாதுகாப்புத் தாள் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றுக்கு உறை.

கிண்டில் மாதிரியானவை கண்ணுக்கு இதமானவை என்று சென்னை மருமகள் ஒருத்தி எழுதியிருந்தாள். உண்மைதான். ஆனால் 6 இன்ச் கிண்டிலும் 9 செ.மீ. அகலம்தான், அதோடு கறுப்பு வெள்ளை. நமக்கு வரும் முக்கியமான ஆவணம் வரைபடம். கடற்கரை மண்டல வரைபடத்தில் எந்த இடம் எந்த வகை என்பது நிறத்தில் இருக்கிறது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் நம் எண்ணூர்க் கழிமுகம் 6,000 ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பாக இருந்தது. பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய வரைபடத்தில் அது இல்லை என்று 2017-இல் எவ்வளவு பெரிய சண்டை நடந்தது! கமல்ஹாசன் முகத்துவாரம் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது அப்போதுதான். ஆறே காணாமல் போனதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தவர்கள்.

"அதான் இணையதளத்தில் போட்டுவிட்டோமே" என்று சொல்லும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் இருக்கவேண்டும். முழு அறிக்கையின் அச்சுப் பிரதி கலெக்டர் அலுவலகத்திலும் மாநகராட்சியிலும் மக்கள் பார்வைக்கு இருக்கவேண்டும். கையில் போன் மட்டும் உள்ள மீனவக் குடும்பத்திடம், நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கில பிடிஎஃப்பின் இணைப்பைக் கொடுத்துவிட்டு, மக்களுக்குத் தெரிவித்தாகிவிட்டது என்று கோப்பில் எழுதுவது என்ன நியாயம்? 2020-இல் புதிய வரைவு அறிவிக்கையை 22 மொழியில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனவர்கள் இவர்கள்.

இதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். டேப் வாங்கிவிட்டோம் என்று அச்சுப் பிரதி கேட்பதை விட்டுவிடாதீர்கள். ஏ3 வரைபடத்துக்கு எந்த டேப்பும் போதாது. அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், இல்லை என்றால் இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

பணம் வீண் என்று சொன்ன என் தம்பிக்கு: நீ போன தீபாவளிக்கு வாங்கிய டிவி 43 இன்ச். அதில் எதைப் படித்தாய்?

நான் பென்ஷன் பணத்தில் பழைய ஐபேட் ஒன்று, 9.7 இன்ச், 4:3, கைமாறியது வாங்கிவிட்டேன். பேட்டரி கொஞ்சம் சுமார், அதனால் சார்ஜரோடு கூடத்து மேஜையில் இருக்கிறது. தெருவில் யாருக்கு என்ன காகிதம், என்ன பிடிஎஃப் வந்தாலும் மாலை 5 மணிக்கு மேல் எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை நான் படித்துச் சொல்லப் போவதில்லை. தலைப்பை நீங்கள் படியுங்கள், எண்ணை நான் படிக்கிறேன். கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் கொண்டு வரவும். என்னுடையதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நான் எதை வைத்துப் பார்ப்பது?