ஷ்யூரிட்டி யாரு சார்?

நான் ஒரு பாங்கில் லோன் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறவன். இருபது வருஷமாக ஒரே வேலை. எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் பிளஸ், வலது பக்கம் மைனஸ் என்று ஆரம்பித்து விடுவேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் சட்டைப்பையில் இப்படி ஒரு தாள் இருந்ததை என் மனைவி அன்றைக்கே பார்த்துவிட்டாளாம். அவள் என்னைப் பற்றிப் போட்ட லிஸ்ட்டில் வலது பக்கம் இன்னும் முடியவில்லை. அது வேறு கதை.

இந்த வியாதியோடுதான் 2019 ஜூனில் அமெரிக்க அரசியலுக்குள் காலை விட்டேன். டிரம்ப்பை எதிர்த்து 2020-ல் யார் நிற்பது என்று டெமாக்ரடிக் கட்சியில் போட்டி. இருபது பேருக்கு மேல்! அங்கே தலைவர் கையெழுத்துப் போட்டு லிஸ்ட் வெளியிடுகிற சமாசாரம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்களே ஓட்டுப் போட்டு, 'இவர்தான் எங்கள் ஆள்' என்று தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பெயர் பிரைமரி. அதாவது, மாப்பிள்ளை யார் என்று முடிவு பண்ணுவதற்கே ஒரு வருஷம் கல்யாணம்.

ஜூன் 28, காலை ஆறரை மணி. மயாமியில் முதல் நாள் ராத்திரி ஒன்பதரை கூட ஆகாத நேரம். பத்துப் பேர் மேடையில் வரிசையாக நின்று விவாதம். நான் காபி டம்ளரும் நாற்பது பக்க நோட்டுமாக டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். அதில் கமலா ஹாரிஸ் என்கிற செனட்டர், ஜோ பைடன் என்கிற முன்னாள் துணை ஜனாதிபதியைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார் பாருங்கள்! கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளைக் கலந்து படிக்க வைக்க பஸ்ஸில் அழைத்துப் போகும் திட்டத்தை அந்தக் காலத்தில் எதிர்த்தீர்களே, அந்த பஸ்ஸில் போன சிறுமி நான்தான் என்று அவர் சொன்னதும் பைடன் முகம் சுருங்கியது.

எழுதினேன். கமலா ஹாரிஸ்: பிளஸ், வக்கீல் நாக்கு. பிளஸ், கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். பிளஸ், அம்மா ஷ்யாமளா நம் சென்னையிலிருந்து போனவர். பிளஸ், தாத்தா வீடு பெசன்ட் நகர். மைனஸ் பக்கம்... ஒன்றுமே தோன்றவில்லை. (பெசன்ட் நகருக்கெல்லாம் மார்க் போடலாமா என்று கேட்கக்கூடாது. நான் அடையாறில் குடியிருக்கிறேன்.)

நோட்டை ஆபீசுக்கு எடுத்துப் போனதுதான் தப்பு. எங்கள் கேஷியர் பார்த்துவிட்டார்.

எங்கள் கேஷியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டை எண்ணிக்கொண்டே பேசுவார், எண்ணிக்கை தப்பாது. என்னைவிட சீனியர். லோன் செக்‌ஷனில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஃபைலை ஒரு பார்வை பார்த்து, "இது வராக் கடன்ப்பா" என்பார். வராமலே போகும்.

"என்னப்பா, ஜாதகம் பாக்கறியா?" என்றார்.

சொன்னேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

பைடன் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இது: பிளஸ், முப்பத்தாறு வருஷம் செனட்டர், எட்டு வருஷம் ஒபாமாவுக்குத் துணை ஜனாதிபதி. பிளஸ், மனைவியையும் குழந்தையையும் கார் விபத்தில் பறிகொடுத்தவர், வளர்ந்த பிள்ளையையும் நோயில் பறிகொடுத்தவர். துக்க வீட்டில் எப்படிப் பேசுவது என்று தெரிந்தவர். மைனஸ், இதே பரீட்சையில் ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். முதல் தடவை 1987-ல், பிரிட்டிஷ் தலைவர் ஒருவரின் பேச்சை எடுத்துப் பேசி மாட்டிக்கொண்டு பாதியில் விலகினார். 2008-ல் அயோவாவில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. மைனஸ், வாய் தவறும். மைனஸ், வயசு 76. இதை மட்டும் சிவப்பு மையில் எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தேன்.

"இவர்தான் வருவார்," என்றார் கேஷியர்.

"சார், மைனஸைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நான்தான் பத்து பேர் எடுக்கற லோனுக்கும் சேத்துச் சொல்றேனே, பிளஸ் மைனஸ் அப்புறம். ஷ்யூரிட்டி யாரு? அதைச் சொல்லு."

"ஒபாமாவா?"

"பின்ன? அதோட, பயந்து போன வீட்டுல யாரைப்பா கூப்புடுவாங்க? ராங்க் வாங்கின பையனையா? வயசான பெரியப்பாவைத்தான் கூப்புடுவாங்க. அங்க பாதிப் பேர் டிரம்ப் திரும்ப வந்துடுவாரோன்னு பயந்து கிடக்காங்க. அந்தச் செவப்பு மையை அழி."

நான் விடவில்லை. "2016-ல குடியரசுக் கட்சியில ஜெப் புஷ் நின்னாரே! அப்பா ஜனாதிபதி, அண்ணன் ஜனாதிபதி. அதுக்கு மேல என்ன சார் ஷ்யூரிட்டி? அவருக்காகப் பத்துக் கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணாங்க. கடைசியில நாலே நாலு டெலிகேட்டோட வீட்டுக்குப் போனாரு."

நோட்டு எண்ணுவதை நிறுத்தினார். "அந்த வருஷம் அந்தக் கட்சிக்காரங்களுக்கு ஷ்யூரிட்டி மேலதான்பா கோபம். ஆளு அதே ஆளுதான். கேள்வித்தாள் மாறிப் போச்சு."

ஒரு மாசம் கேண்டீன் பஜ்ஜி பந்தயம். அவர் பைடன். நான் ஹாரிஸ்.

அந்த விவாதத்துக்குப் பிறகு கருத்துக் கணிப்பில் ஹாரிஸ் ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார். தனியார் ஹெல்த் இன்ஷூரன்ஸை ஒழிக்கணுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இன்றைக்கு ஒரு பதில், நாளைக்கு ஒரு பதில். வக்கீலாக இருந்தபோது செய்ததையெல்லாம் துளசி கப்பார்டு அடுத்த விவாதத்திலேயே கிழித்தார். நான் பிளஸ்ஸில் எழுதியது அங்கே மைனஸில் உட்கார்ந்திருந்தது! டிசம்பர் 3-ம் தேதி, ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்னால், பணம் இல்லை என்று விலகிவிட்டார். பெசன்ட் நகரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கட்சி மாறினேன். எலிசபெத் வாரன்! ஹார்வர்டு பேராசிரியை. எந்தப் பிரச்னையைக் கேட்டாலும் கையில் ஒரு திட்டம். என்னைப் போன்ற லோன் ஆபீசருக்கு இதைவிட லட்சணமான பார்ட்டி உண்டா? ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஜோராக இருக்கும் பார்ட்டியிடம்தான் ரிப்போர்ட்டிலிருந்தே கேள்வி கேட்பார்கள். எல்லோருக்கும் அரசாங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்றார், காசு எங்கே என்றார்கள், கணக்குக் கொடுத்தார், கொடுத்த பிறகுதான் சரிந்தார்.

ஏமி குளோபுசர் என்று ஒரு செனட்டர். கொட்டுகிற பனியில் தலையெல்லாம் வெள்ளையாக நின்று போட்டியை அறிவித்தவர். பிளஸ், தைரியம். மைனஸ், சாலட் சாப்பிட ஃபோர்க் இல்லாமல் போனதற்கு, சீப்பால் சாப்பிட்டுவிட்டு அந்தச் சீப்பை உதவியாளரிடம் கழுவக் கொடுத்தார் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. "நம்ம ஏ.ஜி.எம். தேவலைப்பா," என்றார் கேஷியர்.

பீட் புட்டஜெஜ், வயசு 37. ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊரின் மேயர். ஆப்கானிஸ்தானில் ராணுவ சேவை, வாயைத் திறந்தால் கட்டுரை. மைனஸ், கறுப்பின மக்களிடம் ஆதரவு அநேகமாகப் பூஜ்யம். பெர்னி சாண்டர்ஸுக்கு எல்லாமே நேர்மாறு. தலை வாரமாட்டார், முப்பது வருஷமாக ஒரே பேச்சு, அதையே கேட்க இளைஞர் கூட்டம் அலைமோதும். அக்டோபரில் மாரடைப்பு வந்து, அதே மாசம் மேடைக்குத் திரும்பிவிட்டார்.

2020 பிப்ரவரி 3, அயோவா. அங்கே ஓட்டுச் சீட்டுகூட இல்லை. பள்ளிக்கூடக் கூடத்தில் இன்னாருக்கு இந்த மூலை என்று கும்பலாக நிற்க, தலை எண்ணினார்கள். எண்ணியதைச் சேர்க்க ஒரு புது செல்போன் ஆப் வைத்தார்கள், அது படுத்துவிட்டது. முடிவு வர நாள் கணக்காயிற்று. வந்தபோது பைடன் நாலாவது. அடுத்து நியூ ஹாம்ப்ஷையர், பைடன் அஞ்சாவது! சாண்டர்ஸ் முதல். அப்புறம் நெவாடாவிலும் சாண்டர்ஸ்தான், பெரிய வித்தியாசத்தில். நான் மூன்றாவது முறையாகக் கட்சி மாறி சாண்டர்ஸ் பக்கத்தில் துண்டு போட்டேன். கேஷியரிடம் பஜ்ஜியை இப்போதே ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன்.

"அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷையர்லயும் பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளைக்காரங்கப்பா. ஷ்யூரிட்டி கையெழுத்துப் போட்டவங்க இருக்கற ஊர் இன்னும் வரல," என்றார்.

அந்த ஊர் சவுத் கரோலினா. அங்கே டெமாக்ரடிக் பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். ஜிம் கிளைபர்ன் என்கிற மூத்த எம்.பி., பிப்ரவரி 26 அன்று, பைடனை நமக்குத் தெரியும், அவருக்கு நம்மையும் தெரியும் என்கிற பாணியில் ஆதரவு அறிவித்தார். மூன்றாம் நாள், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பிப்ரவரி 29-ல், பைடன் கிட்டத்தட்ட பாதி ஓட்டை அள்ளினார். மூன்று தேர்தல்களில் அவர் ஜெயித்த முதல் பிரைமரி அதுதான்! மறுநாள் புட்டஜெஜ் விலகல், அதற்கு மறுநாள் குளோபுசர் விலகல், ரெண்டு பேருமே பைடனுக்கு ஆதரவு. மார்ச் 3-ல் பதினாலு மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டு, பத்து பைடனுக்கு. வாரன் தன் சொந்த மாநிலத்திலேயே மூன்றாவது.

இதற்கு நடுவில் மைக்கேல் புளூம்பெர்க்கை மறந்துவிடக்கூடாது. நியூயார்க்கின் முன்னாள் மேயர், மகா கோடீஸ்வரர். முதல் நாலு மாநிலங்களை விட்டுவிட்டு, கைக்காசிலிருந்து நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். முதல் விவாதத்திலேயே வாரன் அவரைத் தோலுரித்தார். கடைசியில் அவர் ஜெயித்தது பசிபிக் கடலில் இருக்கிற அமெரிக்கன் சமோவா என்ற தீவுக் கூட்டத்தை மட்டும். அங்கே மொத்தமே சில நூறு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள்.

ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸ் விலகினார். பஜ்ஜி பந்தயத்தில் நான் காலி. ஆனால் ஊரே லாக்டவுனில் இருந்தது, கேண்டீன் பூட்டு. "கணக்குல எழுதிக்கப்பா, வட்டி வேண்டாம்," என்று போனில் பெருந்தன்மையாகச் சொன்னார் கேஷியர். நவம்பரில் பைடன் டிரம்ப்பையும் ஜெயித்தார். துணை ஜனாதிபதி? என் பழைய பார்ட்டி, கமலா ஹாரிஸ்! கேஷியர் மறு வருஷம் ரிட்டயரானார். பிரிவுபசார விழாவில் பஜ்ஜிக் கடனை மொத்தமாகத் தீர்த்தேன். நோட்டில் சிவப்பு மையை அழித்துவிட்டு, "கேஷியர் சொன்னது சரி" என்று எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்தேன்.

2024 ஜூன் 28. மறுபடியும் காலை ஆறரை. அஞ்சு வருஷம் கழித்து அதே தேதி, அதே மணி, அதே காபி டம்ளர். அட்லாண்டாவில் பைடனும் டிரம்ப்பும் விவாதம். பைடனுக்கு இப்போது 81. தொண்டை கம்மியிருந்தது. ஆரம்பித்த வாக்கியம் நடுவழியில் எங்கோ இறங்கிப் போய்விட்டது. அவர் அதைத் தேடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஆறிப் போச்சு.

ஏழே முக்காலுக்குப் போன். கேஷியர்.

"அந்த நோட்டு இருக்கா?"

"இருக்கு சார்."

"செவப்பு மையில எழுதியிருந்தியே, என்ன எழுதியிருந்தே?"

"நீங்க அழிக்கச் சொன்னீங்க சார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "2020-க்கு நான் சொன்னது சரிதாம்ப்பா. டெர்ம் பாக்க மறந்துட்டேன்," என்றார்.

பாங்க்காரர்களுக்கு இது புரியும். ஒரு ஓவர்டிராஃப்ட் ரின்யூவலுக்கு வந்தால், பழைய பார்ட்டியாச்சே என்று விட்டுவிட மாட்டோம். புது பாலன்ஸ் ஷீட் கேட்போம், நேரே போய்ப் பார்ப்போம். 2020 மார்ச்சில் பைடன், நான் அடுத்த தலைமுறைக்கு ஒரு பாலம் என்று பேசினார். ஒரே டெர்ம்தான் என்று எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில், மறுபடியும் நிற்கிறேன் என்றார். கட்சியும் சரி என்றது. 2024 பிரைமரியில் அவரை எதிர்த்துப் பேர் சொல்லும்படி ஆளில்லை, ஒரு விவாதம்கூட வைக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் இல்லாத ரின்யூவல்! அவர் தோற்ற ஒரே இடம் எது தெரியுமோ? அதே அமெரிக்கன் சமோவா.

ஜூலை 21-ம் தேதி பைடன் விலகினார். கடன் அப்படியே கோ-ஆப்ளிகண்ட் தலையில் விழுந்தது. 2020-ல் ஒரு ஓட்டு விழும் முன்னாலேயே திரும்பிப் போன ஹாரிஸ், இந்தத் தடவை ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் வேட்பாளர் ஆனார். கையில் இருந்தது 107 நாள். 2019-ல் துளசி கப்பார்டு மாதிரி சொந்தக் கட்சிக்குள்ளேயே கேள்வி கேட்டு, பதில் சொல்லப் பழக்கி, மைனஸை எல்லாம் முன்கூட்டியே வெளியே இழுத்துப் போட்டிருந்தால் தேறியிருப்பாரா? கேஷியர், சந்தேகம்தான் என்கிறார். நான், ஒரு வருஷம் கிடைத்திருந்தால் தேறியிருப்பார் என்கிறேன். எங்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது. நவம்பர் 5-ல் மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரம்காரர்கள் பூஜை போட்டும் பலிக்கவில்லை, டிரம்ப் ஜெயித்தார்.

இப்போது புது நோட்டுப் போட்டிருக்கிறேன், 2028-க்கு. பிளஸ், மைனஸோடு இன்னும் ரெண்டு பத்தி சேர்த்திருக்கிறேன். ஒன்று, ஷ்யூரிட்டி. இன்னொன்று, டெர்ம் முடியும்போது வயசு.

போன மாசம் கேஷியர் பாங்க்குக்கு வந்தார். வீட்டுக்கு மராமத்துப் பண்ண வேண்டுமாம், பென்ஷன் லோன் வேண்டும் என்றார். அஞ்சு வருஷத் தவணை. ஃபாரத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒரு கட்டம் விடாமல் அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தார்.

ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. வயது.