சத்தம் வாங்குற காசுக்கு நாலு டயர்

அல்டோ ஒண்டு வருது எண்டு கண்ணால காண முதலே காதால தெரிஞ்சுகொள்ளுற காலத்துக்கு வந்திட்டம். களுவாஞ்சிகுடியில கியர் மாத்தினா, பட்டிருப்புப் பாலத்துக்கு இங்கால பழுகாமத்துல படிச்சுக்கொண்டிருக்கிற பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கும் எண்டு சொன்னா அது கொஞ்சம் கூடத்தான். கொஞ்சம்தான் கூட.

நம்மட பக்கத்துப் பொடியன்மார் சின்னக் கார்களுக்குச் செய்யிற 'மொடிஃபிகேஷன்' பற்றி ரெண்டு விதமான பேச்சுத்தான் இதுவரைக்கும் கேட்டிருக்கிறன். பெரியாக்கள் சொல்றது: காவாலித்தனம். பொடியன்மார் சொல்றது: உங்களுக்கு விளங்காது. நான் கலைப்பீடம், அதுவும் பொம்புளப் புள்ள. எனக்கு விளங்காது எண்டுதான் முதல் கொமெண்டே வரும். ஆனா பெரியம்மாட மகன்ட அல்டோவுல பின் சீட்டில மூணு வருசமா வந்தாறுமூலைக்குப் போய் வந்திருக்கிறன். கராஜில அண்ணன் நட்டுக் கழட்டி முடியும்வரை வாங்குல குந்தியிருந்து, எது எதுக்கு, எவ்வளவு, ஏன் எண்டு கேட்டுக் கேட்டு அந்த மெக்கானிக் அண்ணாவை விசராக்கினதும் நான்தான். அதனால எனக்கும் ஒரு கருத்து இருக்கு.

காரை மாத்துறது பிழை எண்டு நான் சொல்ல வரல்ல. பிழையான இடத்துல மாத்துறாங்க எண்டுதான் சொல்றன். 'பேர்ஃபோமன்ஸ்' எண்டு சொல்லிச் செலவழிக்கிற காசில பெரிய பங்கு ஓட்டத்துக்குப் போகல்ல. சத்தத்துக்குப் போகுது, வெளிச்சத்துக்குப் போகுது, மிச்சம் மற்றவன் திரும்பிப் பார்க்கிறதுக்குப் போகுது.

இந்த ஆசை எங்கயிருந்து வந்தது எண்டு பார்க்காமல் திட்டுறதும் சரியில்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. தனிப்பட்ட பாவனைக் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. அஞ்சு வருசம். எங்கட வயசுப் பொடியன்மார் லைசன்ஸ் எடுத்த அஞ்சு வருசமும் அதுதான். நாட்டுக்குள்ள இருந்த கார்தான் கைமாறிக் கைமாறி ஓடிச்சு, ஒவ்வொரு கைக்கும் விலை ஏறிச்சு. நடுவுல 2022 ஜூன் கடைசியில பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, பிறகு கியூஆர் கோட் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு அளந்து தந்தது எல்லாம் மறந்திருக்க மாட்டீங்க. கத்தாரில ரெண்டு வருசம் நிண்டு வந்த ஒருத்தன் அந்தக் காசுக்கு ஒரு பழைய அல்டோ எடுத்தா, அது ஊரில இருக்கிற மற்ற வெள்ளை அல்டோ மாதிரியேதான் இருக்கும். வேற கார் வாங்க ஏலாது. அதனால இருக்கிற காரை வேற காராக்கப் பார்த்தான். இதுல காவாலித்தனம் எங்க இருக்கு? கல்யாண வீட்டுக்குப் பழைய சாரிக்குப் புது போடர் வச்சுத் தைக்கிற வேலைதானே இதுவும்.

சரி, என்ன வாங்குறாங்க எண்டு பார்ப்பம்.

அல்டோட எஞ்சின் 796 சிசி, மூணு சிலிண்டர். குதிரை வலு 47 அளவில. காரின்ட பாரம் ஏறத்தாழ 700 கிலோ. இதுல பின்னுக்கு இருக்கிற சைலன்சர் குடுவையைக் கழட்டி வீசிப்போட்டு வாய் அகலமான குழாய் பூட்டினா, ஒண்டு ரெண்டு குதிரை கூடினாலே அது பெரிய விசயம். ஏனெண்டா எஞ்சினுக்குள்ள எவ்வளவு காத்துப் போகுது, அதுக்கு எவ்வளவு பெற்றோல் கம்ப்யூட்டர் விடுது எண்டதுதான் வலுவைத் தீர்மானிக்குது. வெளிய போற வழியின்ட கடைசி ரெண்டு அடியை மட்டும் அகலமாக்கி என்ன காணப் போறம்? ஆனா சத்தம் மட்டும் ரெண்டு மடங்காத் தெரியும். காது ஏமாறும். உள்ளுக்க இருக்கிறவனுக்குக் கார் பறக்கிற மாதிரி இருக்கும், பக்கத்துல போற பஸ்ஸில இருக்கிறவனுக்கு அது அதே அல்டோதான்.

அடுத்தது கோன் ஃபில்டர். கம்பனி பூட்டின ஃபில்டர் பெட்டிக்கு ஒரு மூக்கு இருக்கு. அது எஞ்சின் சூட்டுக்கு விலகின இடத்துல இருந்து குளிர்ந்த காத்தை இழுக்கத்தான் வச்சிருக்கு. அதைக் கழட்டி எறிஞ்சிட்டு எஞ்சினுக்குப் பக்கத்துலயே திறந்த கோனைப் பூட்டினா, அது சூட்டுக் காத்தைக் குடிக்கும். சூட்டுக் காத்துல ஒக்சிசன் குறைவு. வலு கூடுறதுக்குப் பதிலாக் குறையவும் ஏலும். இன்னும் ஒண்டு: சூடடிக்கிற காலத்துல வட்டைப் பக்கம் போய் வந்தவங்களுக்குத் தெரியும், கிரவல் ரோட்டுத் தூசியும் உமியும் எப்பிடி எண்டு. மலிவான கோன் அதுல எவ்வளவை உள்ளுக்க விடும் எண்டு சிலிண்டரைத் திறக்கிற அண்டைக்குத்தான் தெரியவரும். யாரோ ஜப்பானில தார் ரோட்டுல ஓடுற காருக்குச் செய்ததை வெல்லாவெளி ரோட்டுக்குக் கொண்டு வந்தா இப்பிடித்தான்.

ரிம். இதுலதான் கன காசு போகுது, டயரோட சேர்த்தா லட்சத்தைத் தாண்டும். அல்டோக்குக் கம்பனி குடுத்த டயர் 145/80 ஆர்12. அதைக் கழட்டி 155/65 ஆர்14 ஏத்தினா சில்லின்ட மொத்த விட்டம் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர் கூடும், அதாவது நூற்றுக்கு நாலு வீதம் அளவில. அதால மீற்றரில 60 காட்டேக்க உண்மையில 62 இல போவீங்க. அது பரவாயில்ல. ஆனா சில்லு பெருசானா எஞ்சின் அதைச் சுத்த இன்னும் கஷ்டப்படும், எடுப்புக் குறையும். பாரமான ரிம் எண்டா இன்னும் மோசம். 47 குதிரை வச்சிருக்கிறவன் அதுல ரெண்டு குதிரையைக் கடையில குடுத்திட்டு, கையில இருந்தும் காசு குடுத்திட்டு வாறான். காப்புக் கழட்டிக் குடுத்து வளையல் வாங்கின கதை எண்டு அம்மம்மா சொல்லுவா.

ஸ்பிரிங் வெட்டுறதைப் பற்றி நான் எழுதினா கோவத்துல எழுதுவன். அல்டோக்கும் நிலத்துக்கும் இடையில கம்பனி விட்ட இடைவெளி 160 மில்லிமீற்றர். அதை இன்னும் ரெண்டு அங்குலம் இறக்கிறதுக்கு ஸ்பிரிங்கை கிரைண்டரால வெட்டுறாங்க. வெட்டின ஸ்பிரிங் இருக்கையில சரியா இருக்காது, ஷொக் அப்சோர்பர் அடிவரைக்கும் போய் முட்டும், பள்ளம் வந்தா அடி நேரா வந்து பின் சீட்டில இருக்கிறவங்கட முதுகெலும்புலதான் விழும். பின் சீட்டில இருக்கிறது யாரு? அம்மா, சாச்சி, நான். முன் சீட்டுல இருந்து ஸ்டியரிங் பிடிச்சவருக்கு அது 'ஸ்டிஃப் சஸ்பென்ஷன்'.

எங்கட ஆக்களுக்குச் சின்ன எஞ்சினில பெரிய வேலை செய்யத் தெரியாதா எண்டா, தெரியும். கோயம்புத்தூரில கரிவரதன் எண்டு ஒரு ஆள் இருந்தவர். மாருதி 800 இன்ட எஞ்சினையும் கியர் பெட்டியையும் எடுத்து, 1980களின் கடைசியில ஒற்றை இருக்கை பந்தயக் கார் ஒண்டு வடிவமைச்சார். பேர் ஃபோர்முலா மாருதி. அதே 796 சிசி. அதில பெரிய விசயம் எஞ்சின் இல்ல: பாரம் குறைவு, உடம்பு நிலத்தோட ஒட்டினது, சில்லு நாலும் ரோட்டைப் பிடிச்சிருக்கும். நாராயண் கார்த்திகேயன் தன்ட பந்தயத்தைத் தொடங்கினது ஸ்ரீபெரும்புதூரில இந்தக் காரில. 2005 இல அவர் ஃபோர்முலா வண்ணுக்குப் போன முதல் இந்தியர். கரிவரதன் 1995 இல விமான விபத்துல இறந்திட்டார். கோயம்புத்தூருக்குப் பக்கத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவற்ற பேர்தான். நம்மட ஊரில ஓடுற பழைய அல்டோட எஞ்சினும் அந்தக் குடும்பம்தான், அதை மறக்கவேண்டாம்.

சுசுகியே 1987 இல அல்டோ வேர்க்ஸ் எண்டு ஒண்டு விட்டது. 543 சிசி. டர்போ பூட்டி 64 குதிரை எடுத்தாங்க. இதுக்கு மேல போட்டி போனா ஆபத்து எண்டு ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள்ள பேசி, சின்னக் கார்களுக்கு 64 தான் உச்சம் எண்டு வச்சிட்டாங்க. இண்டைக்கும் அதுதான் அளவு. ஒரு கம்பனி வலுவைக் கூட்டினா வழக்கமா பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்துத்தான் கூட்டும். எங்கட கராஜ்களில அந்தச் 'சேர்த்து' எண்டதுதான் விடுபட்டுப் போகுது.

இனி எங்கட ரோட்டுக்கு வருவம். படுவான்கரையில கார் ஓட்டுறவனுக்கு முன்னால என்னென்ன வரும்? மாடு. எருமை. அறுவடைக் காலத்துல பாதி ரோட்டை மறிச்சுக் காயப்போட்ட நெல்லு. லைட் இல்லாத சைக்கிளில விடியச் சாமம் வயலுக்குப் போற ஆள். திருவிழா எண்டா திரௌபதையம்மன் கோயிலடியில இருந்து ரோட்டு நிறைய சனம். இருட்டினா சில பக்கத்துல யானை. (யானை வெடிக்குக்கூட நேரம் காலம் இருக்கு, சைலன்சருக்கு இல்ல எண்டு எங்கட வீட்டுல ஒரு பகிடி.) இதுல எதுக்கும் வேகம் உதவாது. நிப்பாட்டத் தெரியவேணும்.

ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த தார் ரோட்டுல, நல்ல டயரோட, 60 இல போற கார் ஒண்டு நிக்க ஏறத்தாழ 20 மீற்றர் எடுக்கும். ஓட்டுறவர் கண்டு காலை பிரேக்கில வைக்க ஒரு செக்கன் எண்டா அதுக்குள்ள 17 மீற்றர் போயிருக்கும். மொத்தம் 37. அதே கார் 80 இல போனா மொத்தம் 58 மீற்றர். வேகம் மூண்டில ஒரு பங்கு கூட, தூரம் பாதிக்கு மேல கூட. இது நல்ல டயருக்கு. டயர் மொட்டையா இருந்து, ரோட்டுல நெல்லும் கிடந்தா, இந்தக் கணக்கை நான் போட விரும்பல்ல. பழைய அல்டோவுல ஏபிஎஸ்ஸும் இல்ல. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம், மிச்சம் கடவுள்.

எனக்கு ஒரு லட்சம் ரூபாய் தந்து அண்ணன்ட காரை 'பேர்ஃபோமன்ஸ்' ஆக்கு எண்டா, நான் முதல்ல கம்பனி அளவிலயே நாலு புது டயர் வாங்குவன். பிரேக் பேட் மாத்துவன், வருசக்கணக்கா மாத்தாமக் கிடக்கிற பிரேக் ஒயிலை மாத்துவன், அது தண்ணியை இழுத்து வச்சிருக்கும். ஷொக் நாலையும் பார்ப்பன். சில்லு எலைன்மென்ட். டிக்கிக்குள்ள கிடக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டியை இறக்கி வீட்டுல வைப்பன், 700 கிலோ காருக்கு அது ஒரு ஆள் ஏறின மாதிரி. இவ்வளவும் செய்தா கார் உண்மையிலேயே நல்லா ஓடும், வளைவுல பிடிக்கும், எடுப்புக்கூட கொஞ்சம் கூடும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதுதான் பிரச்சினை எண்டு எனக்கும் விளங்குது.

2025 ஜனவரியில 'கிளீன் ஸ்ரீலங்கா' தொடங்கின கையோட பொலிஸ் வாகனங்களில மேலதிகமாப் பூட்டினதுகளைக் கழட்டச் சொல்லி இறங்கினது நினைவிருக்கும். பஸ்காரரும் ஓட்டோக்காரரும் கத்தினாங்க. சத்தக் கோனையும் கலர் லைட்டையும் கழட்டச் சொன்னதுல எனக்கு மறுப்பில்ல. ஆனா சத்தமும் வெளிச்சமும் ரோட்டோரம் நிண்டா எல்லாருக்கும் தெரியுற விசயம். மொட்டை டயரைக் காணக் குனியவேணும், வெட்டின ஸ்பிரிங்கைக் காணக் காருக்குக் கீழ படுக்கவேணும். அதையும் பார்க்கிறவரைக்கும் பாதுகாப்பு எண்ட சொல்லைப் பெருசாப் பாவிக்கக்கூடாது. இந்தியாவுல மோட்டார் வாகனச் சட்டத்தின்ட 52 ஆம் பிரிவு கம்பனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாது எண்டு சொல்லுது, 2019 இல உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கினது. ஜேர்மனியில வேற முறை. மாத்தலாம், ஆனா அந்தப் பாகம் அங்கீகாரம் பெற்றதா இருக்கவேணும், இல்லாட்டி டூஃப் மாதிரி ஒரு நிறுவனத்துல காட்டிக் காரின்ட பத்திரத்துல பதியவேணும். ஜேர்மனியில சித்தப்பா இருக்கிற ஆக்கள் கேட்டுப் பாருங்க, ரிம் மாத்துறதுக்கு எவ்வளவு பேப்பர் எண்டு. எனக்கு அந்த முறைதான் நியாயமாப் படுது. மட்டக்களப்பிலேயே ஒரு பொறியியலாளர் காரைத் தூக்கிப் பார்த்து, இது சரி, இது பிழை எண்டு கையெழுத்து வச்சுக் குடுத்தா, நல்லா வேலை தெரிஞ்ச கராஜ் பொடியனுக்கும் கிரைண்டரால ஸ்பிரிங் வெட்டுறவனுக்கும் உள்ள வித்தியாசம் கடதாசியில வரும். அந்தப் பொடியனுக்கு அது ஒரு சேர்ட்டிஃபிக்கட் மாதிரி.

ரேஸ் ஓடத்தான் ஆசை எண்டா அதுக்கு ரோட்டு இல்ல. தடம் போட்டு, ஒழுங்கு பண்ணி நடத்தின தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லிலேயே 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி ஒரு கார் விலகிச் சனத்துக்குள்ள போய் 7 பேர் செத்தாங்க. அவடத்த அப்பிடி எண்டா வேலியும் இல்லாத நம்மட ரோட்டுல?

அண்ணன் இதை வாசிப்பார் எண்டு தெரியும். டயர் விசயத்துல ஓரளவுக்கு வழிக்கு வந்திட்டார், மாசி அறுவடைக்கு முதல் மாத்துறன் எண்டு சொல்லியிருக்கிறார். ஹெட்லைட்டுல பூட்டின எல்ஈடி பல்ப் விசயத்துலதான் இன்னும் சண்டை. ஹலஜனுக்கு எண்டு செய்த கண்ணாடியில எல்ஈடி பூட்டினா வெளிச்சம் ரோட்டுல விழாமல் சிதறி முன்னால வாறவன்ட கண்ணுல அடிக்கும் எண்டு நான் சொல்றன். 'எனக்கு நல்லாத் தெரியுதே' எண்டு அவர் சொல்றார். ஒரு நாளைக்கு இரவில அவரை இறக்கிச் சைக்கிளில ஏத்தி, அவற்ற காருக்கு முன்னால வரச் சொல்லப்போறன். கார் ஓட்ட ஆள் பார்த்து வச்சிருக்கிறன்.