குதிரைத்திறன் என்னும் மூடநம்பிக்கை

"எத்தனை சிசி? எவ்வளவு போகும்?" பைக் பேச்சு வந்தாலே இந்த இரண்டு கேள்விதான். "எடை எவ்வளவு?" என்று கேட்கும் ஆள் அபூர்வம். 1990 வாக்கில் ஜப்பானிய கம்பெனிகளுக்கும் இதே வியாதிதான். பெரிய எஞ்சின், அதைத் தாங்க கனமான சேசிஸ், அதை இழுக்க இன்னும் பெரிய எஞ்சின். வட்டிக்கு வட்டி கட்டுகிற கதை!

இந்தக் கடனை அடைத்தவர் ஹோண்டாவின் டடாவோ பாபா. 1992-ல் அவர் குழு கொண்டுவந்த சிபிஆர்900ஆர்ஆர் ஃபயர்பிளேடின் எஞ்சின் 893 சிசி. பெட்ரோல், ஆயில் இல்லாமல் எடை 185 கிலோ. ஹோண்டாவின் 600 சிசி பைக்கும் கிட்டத்தட்ட அதே எடைதான்!

இப்போது குதிரைத்திறன் பக்தர்கள் கணக்கோடு வருவார்கள். யமஹா எஃப்இசட்ஆர்1000-ன் சக்தி 145 குதிரைத்திறன், எடை 209 கிலோ. ஃபயர்பிளேடின் சக்தியோ 120-ஐச் சற்றே தாண்டியது. கிலோவுக்கு எத்தனை என்று வகுத்தாலும் யமஹாதான் முன்னால். உச்ச வேகத்திலும் அப்படியே. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் சாலை என்பது நேர்கோடு மட்டும்தானா? வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது அந்த 24 கிலோவையும் சேர்த்துத்தான் அடக்க வேண்டும். இடதிலிருந்து வலதுக்குச் சாய்க்கும்போதும் அதையும் சேர்த்துத்தான் புரட்ட வேண்டும். எஞ்சினின் சக்தி உதவுவது முடுக்கும்போது. எடை வீடு திரும்பும்வரை கூடவே வரும்.

அப்படியானால் ஃபயர்பிளேடில் குறையே இல்லையா? உண்டு. 16 அங்குல முன்சக்கரத்தால் ஹேண்டில் கொஞ்சம் படபடக்கும் என்று அப்போதே புகார் வந்தது. 2000-ல் ஹோண்டாவே அதை 17 அங்குலமாக மாற்றியது. அது சக்கர அளவின் கோளாறு. எடைக்குறைப்பு என்ற கொள்கையின் கோளாறு அல்ல.

"1998-ல் யமஹா ஆர்1 வந்து 150 குதிரைத்திறனால் அடித்ததே?" என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. அந்த ஆர்1-ன் எடை என்ன? 177 கிலோ! கியர்பாக்ஸ் தண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எஞ்சினின் நீளத்தையே சுருக்கியிருந்தார்கள். பாபாவைத் தோற்கடிக்க பாபாவின் பாடத்தைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. அன்றைய உலக சூப்பர்பைக் பந்தயத்தில் நான்கு சிலிண்டருக்கு வரம்பு 750 சிசி. 893 சிசிக்கு அங்கே இடமே இல்லை. கோப்பைக்காக அல்ல, சாலையில் ஓட்டுகிறவனுக்காகப் பிறந்த வண்டி இது.

ஆகவே மக்களே, அடுத்த முறை சிசியில் சண்டை போடும் முன் எடையைக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.