ஐந்நூறு ரூபாய்க்கு ஓர் ‘அதிகாரி’

2018 ஜனவரியில், சண்டிகரிலிருந்து வெளிவரும் ‘தி டிரிப்யூன்’ நாளேட்டின் செய்தியாளர் ஒருவர் வாட்ஸ்அப் வழியே தொடர்புகொண்ட தரகருக்கு 500 ரூபாய் செலுத்தினார். பத்தே நிமிடங்களில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கைக்கு வந்தன. அதன்பின் எந்த ஆதார் எண்ணை உள்ளிட்டாலும் அதற்குரியவரின் பெயர், முகவரி, புகைப்படம், தொலைபேசி எண் அனைத்தும் திரையில் விரிந்தன. மேலும் 300 ரூபாய் கொடுத்தபோது, அட்டையை அச்சிட்டுக்கொள்ளும் மென்பொருளும் கிடைத்தது.

இங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. ஆதார் ஆணையமும் அதையே கூறியது: தரவுக் கசிவு ஏதுமில்லை, கைரேகையும் கருவிழிப் பதிவும் பத்திரமாக உள்ளன, குறைதீர்ப்புக்காக அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட தேடல் வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்றது. ஆணையம் ஆறுதலாகச் சொன்ன இந்தச் சொற்களை ஒப்புதல் வாக்குமூலம் என்றே நாம் கொள்ள வேண்டும்.

ஏனெனில் கணினி அமைப்புகளில் ஊடுருவுவோர் பெரிதும் நாடுவது இத்தகைய கணக்கைத்தான். நுழைந்த ஓட்டையை நாளை யாரேனும் அடைத்துவிடலாம்; திருடிய கடவுச்சொல்லை உரியவர் மாற்றிவிடலாம். பட்டியலில் ஏறிவிட்ட புதிய கணக்கோ, எவரும் தேடிப் பார்த்து நீக்கும்வரை உயிரோடு இருக்கும். 2023 அக்டோபரில் சிஸ்கோ நிறுவனத்தின் வலைப்பின்னல் கருவிகள் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கில் தாக்கப்பட்டபோது இதுவே நிகழ்ந்தது. ஊடுருவியோர் அக்கருவிகளில் உச்ச அதிகாரமான 15ஆம் நிலைக் கணக்குகளைத் தமக்கென உருவாக்கினர். அவற்றுள் சிலவற்றுக்கு ‘சிஸ்கோ சப்போர்ட்’ என்று அந்நிறுவனத்தின் பெயரையே சூட்டினர்! கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் அவர்கள் புகுத்திய நச்சு நிரல் அழிந்தது, கணக்கு அழியவில்லை.

ஆதார் விவகாரத்தில் இத்தனை நுட்பம்கூடத் தேவைப்படவில்லை. நிர்வாகி அதிகாரம் பெற்ற ஒருவர் வேறு ஒருவரை நிர்வாகியாக்கலாம், அவர் மற்றொருவரைச் சேர்க்கலாம் என்ற நிலை இருந்ததை அந்நாட்களில் வெளியான செய்திகளே சுட்டிக்காட்டின. கணக்கு கணக்கை ஈன்றது. யார் யாரைச் சேர்த்தார்கள் என்பதை அன்றாடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால், ஒரு தரகர் இதைக் கடைச்சரக்காக விற்றிருக்க முடியுமா?

இந்தக் கடையின் வாடிக்கையாளர்களாகக் குறிவைக்கப்பட்டோர் யார் என்பதையும் அந்த நாளேடு எழுதியது. பொதுச் சேவை மையங்களை நடத்திய கிராமத் தொழில்முனைவோர், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2017 நவம்பரில் ஆதார் பணி அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு அஞ்சலகங்களுக்கும் வங்கிகளுக்கும் மாற்றப்பட்டது. கடன்பட்டுக் கணினியும் அச்சுப்பொறியும் வாங்கி வைத்தவர்கள் வருமானமின்றி நின்ற வேளையில்தான் தரகர் வந்தார். கோடிக்கணக்கான மக்களின் விவரங்களைக் கையாளும் பணியை நிரந்தர ஊழியர்களிடம் ஒப்படைக்காமல் தரகுத்தொகை அடிப்படையில் வெளியே தள்ளியது யார்? பாதுகாப்பு நிபுணர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

அரசு இயந்திரம் செய்தது என்ன? ஆணையம் அளித்த புகாரின் பேரில் தில்லி காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் கண்டித்த பிறகே, ஊடகங்களுக்கு எதிரான நடவடிக்கையல்ல என்ற விளக்கங்கள் வந்தன.

ஐந்தாண்டுகள் கழித்து, 2023இல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் 17ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்க ஒன்றிய அரசுக்கு இடம் தருகிறது. தரவுப் பாதுகாப்பு வாரிய உறுப்பினர்களை நியமிப்பதும் அதே அரசுதான். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவும் திருத்தப்பட்டது. தனிநபர் தகவல் என்று சொல்லியே இனி மறுக்கலாம். ஓர் அரசுத் தரவுத்தளத்தில் நிர்வாகிக் கணக்கு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், அந்த பதிலே நமக்குக் கிடைக்கலாம்.

அரசுத் தரவுத்தளங்களின் பயனர் கணக்குகள் எத்தனை, அவற்றை ஒப்புதலளித்துத் திறந்தவர் யார், பணி விலகியோரின் கணக்குகள் மூடப்பட்டனவா என்பதை அரசின் பிடிக்கு வெளியே உள்ள தணிக்கை அமைப்பு ஆண்டுதோறும் ஆராய்ந்து நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இதற்கிடையே, நம் தொழிற்சங்க அலுவலகக் கணினிகளிலும் உறுப்பினர் பட்டியலைத் திறக்கக்கூடிய கணக்குகள் யார் பெயரில் உள்ளன என்பதைத் தோழர்கள் இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.