காற்றைக் கூட்டாதீர்கள்! முனையைத் துடையுங்கள்!

அப்பா தோலுக்குச் சாயம் தெளிக்கிறார். மகன் பொம்மைக் கப்பலுக்குச் சாயம் தெளிக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே தொல்லை!

காவேரிப்பாக்கம், பெரிய ஏரிக்குப் பெயர் போன ஊர். அதற்கு மேற்கே இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பதனிட்ட தோலுக்குக் கடைசியில் நிறமும் மெருகும் ஏற்ற உதவுவது "ஸ்பிரே கன்". பொம்மைக்கு நிறம் பூசும் "ஏர்பிரஷ்" அதற்குத் தம்பி. பேனா அளவுதான் இருக்கும். அமெரிக்காவில் 1870-களில் பிறந்தது.

முதலில் நன்றாக வேலை செய்யும். பிறகு சாயம் ஒரு பக்கமாக ஒதுங்கும். திடீரென்று "பச்" என்று ஒரு சொட்டு விழும். பொம்மையின் முகம் போச்சு!

உடனே பலர் என்ன செய்கிறார்கள்? கம்ப்ரெஸரில் காற்றைக் கூட்டுகிறார்கள். இது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை!

ஏர்பிரஷுக்குள் ஒரு ஊசி இருக்கிறது. அதன் நுனி சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் துளி சாயம் தங்கும். பக்கத்திலேயே காற்று பாய்கிறது. ஈரத் துணி காற்றில் உலர்வது போல அந்தத் துளியும் உலர்ந்துவிடும். அடுத்து வரும் சாயம் அதன் மேல் ஒட்டும். காற்று கூடினால் இன்னும் சீக்கிரம் உலரும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அக்ரிலிக் சாயம் உலர்ந்துவிட்டால் வெறும் தண்ணீருக்கு அசையாது.

பரிகாரம் எளிது. சாயத்தைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தம் பெரும்பாலும் போதும். உலர்வதைத் தாமதப்படுத்தும் "ரிட்டார்டர்" கடைகளில் கிடைக்கிறது. ஓரிரு சொட்டு விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சாயத்துக்கு உரிய தின்னரில் பஞ்சை நனைத்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை முனையைத் துடைக்க வேண்டும். குண்டூசியால் துவாரத்தைக் குத்தினால் துவாரமே கெட்டுப்போகும்.

வீட்டில் பொம்மை கெட்டால் மறுபடி பூசலாம். தொழிற்சாலையில் அப்படியா? பல நாள் பாடுபட்டுப் பதனிட்ட தோலில் கடைசி நேரத்தில் சொட்டு விழுந்தால் தரம் குறையும். திட்டு யாருக்கு? தெளித்தவருக்கு! துப்பாக்கியைத் துடைக்க நேரம் தராமல், "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிவிட்டுக் கூலியில் கை வைப்பது என்ன நியாயம்? துடைக்கும் நேரமும் வேலை நேரம்தான். முகமூடியையும் முதலாளிதான் தர வேண்டும். சாயப் புகை தோலின் மேல் மட்டுமா படிகிறது? நெஞ்சுக்குள்ளும் போகிறதே!

வேலை முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவி, தெளிந்த நீர் வரும்வரை தெளிக்க வேண்டும். ஊசியை உருவி, அடியிலிருந்து நுனியை நோக்கித் துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகத் துடைத்தால் நுனி வளையும். விரலிலும் ஏறும்!